பாலை மரத்தில் ஒரு துடக்கு வீடு

போன கிழமை வவுனியா பஸ் நிலையத்தடியில் ஒரு பெண் பேப்பர்ச் சுருளில் பாலைப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். வேப்பம்பழம் அளவில், மஞ்சள் மஞ்சளாக. கண்டு எத்தனையோ காலம். ஆசையில் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, யன்னலோரம் இருந்து ஒவ்வொன்றாக வாயில் போட்டேன். தின்றவர்களுக்குத் தெரியும், பத்துப் பழம் உள்ளே போனதும் அதன் பால் பசை பூசியது போல உதட்டைப் பிடித்துவிடும். கொண்டக்டர் வந்து “எங்கையம்மா இறங்கிறியள்?” என்றான். எனக்கு வாய் திறந்தால்தானே! விரலை நீட்டி முன்பக்கத்தைக் காட்டினேன். “அம்மாவுக்குக் கதை வராது போல” என்று பக்கத்து ஆளிடம் இரக்கத்தோடு சொன்னான். என்னைத் தெரிந்தவர்கள் யாராவது அந்த பஸ்ஸில் இருந்திருந்தால் சிரித்தே செத்திருப்பார்கள். எனக்குக் கதை வராதாம்!

நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். அப்போதுதான் நீட்டிய விரல் என் கண்ணில் பட்டது. வலது கைச் சுட்டுவிரல். நகத்துக்குக் கீழே பிறை போல ஒரு தழும்பு. அறுபது வருடத்துக்கு முந்தியது. ஒரு தாய் கடித்த தழும்பு அது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

ஐந்தாம் வகுப்போடு மறிக்கப்பட்டவள் நான். பிறகு படித்ததெல்லாம் சாமான் சுற்றி வந்த பேப்பரிலும் மனிசர் வாயிலும்தான். அதனால் ஆர் எப்போது என்ன சொன்னார்கள் என்பது எனக்கு அப்படியே மனதில் நிற்கும். எந்த வருடம் என்று மட்டும் கேட்காதீர்கள். ஐம்பதுகளின் கடைசி, அவ்வளவுதான் சொல்லத் தெரியும். அண்ணனுக்குக் கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்திருந்தது. அண்ணனும் மச்சாளும் வடமராட்சியில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் காட்டுக்குப் போனார்கள். மச்சாள் என்றது அண்ணனின் பெண்சாதியை, அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். அப்போது அவருக்கு ஐந்து மாதம். முதல் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் தங்காமல் போன பிறகு உண்டான பிள்ளை. இங்கேயே இருந்து பெறு என்று அம்மா எவ்வளவோ கெஞ்சினா. மச்சாள் கேட்கவில்லை. “இஞ்சை இருந்தா எல்லாரும் என்ரை வயித்தைத்தான் பாப்பினம் மாமி. காட்டிலை ஆர் பாக்கப் போகினம்?” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினார்.

பிறகு ஒருநாள் அண்ணனிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது. இரண்டே வரி. பெண்பிள்ளை பிறந்திருக்கிறது, தங்கச்சியை அனுப்புங்கோ. அப்பா படுக்கையில் இருந்ததால் அம்மாவுக்கு அசைய வழியில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கறி காய்ச்சுகிற சரக்குத்தூளை வறுத்து இடித்து, போத்தலில் அடைத்து என் மடியில் வைத்து அனுப்பினா. கொடிகாமத்தில் ரயில் ஏறினேன். ஆனையிறவு தாண்டும்போது உப்புக் காற்று உள்ளே வந்தது. மடியில் இருந்த மிளகும் மல்லியும் மஞ்சளும் அந்த உப்போடு கலந்து ஒரு மணம். இன்றைக்கும் யாராவது சரக்குக் கறி காய்ச்சினால் எனக்குக் கடல் மணக்கும். சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அண்ணனின் வீடு வீடில்லை. மண் சுவர் எழுப்பி இலுக்குப் புல் வேய்ந்த ஒரு கொட்டில். பின்பக்கம் சரிவாக ஒரு பத்தி இறக்கி, அதற்குள் மச்சாளையும் பிள்ளையையும் வைத்திருந்தார். பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டை நாங்கள் துடக்கு என்போம். முப்பத்தொரு நாள் தாய் வெளியே வரக்கூடாது, காற்றுப் படக்கூடாது. பத்தியில் யன்னல் கிடையாது. சுவரில் கை போகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்கும் பழைய சேலைத் துணி அடைப்பு. உள்ளே வேப்பிலைப் புகை. நான் போனது ஆறாம் நாள். மச்சாள் பாயோடு பாயாகக் கிடந்தார். பிள்ளை அழவும் பலமில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. பால் போதவில்லை.

மச்சாள் என் கையைப் பிடித்துக் கேட்ட முதல் கேள்வி, “அவர் வந்தவரோ?”

எங்கள் பக்கத்தில் அந்த நாளில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். அவர் என்றால் அவர்தான். “ஓம் மச்சாள், அண்ணன் இப்பத்தான் வந்து மீனைத் தந்திட்டுப் போறார்” என்றேன். மச்சாள் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு களைப்பில் கண்ணை மூடிக்கொண்டார்.

காலையில் கஞ்சி கொண்டு போனாலும் அதே கேள்வி, பின்னேரம் போனாலும் அதே கேள்வி. “அவர் வந்து குடுத்தவரோ?” “ஓம் மச்சாள், குடுத்திட்டுப் போட்டார்.” ஒருநாள், “அவர் நல்லா மெலிஞ்சு போனார், என்ன?” என்று கேட்டார். “ஓம் மச்சாள், நெஞ்செலும்பு எண்ணலாம்” என்றேன். “ஒரு பழத்தைத் தானும் தனக்கெண்டு விழுங்கிறேல்லை, பாவம்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷனை இப்படி விளங்கிக்கொண்ட பெண்சாதி உலகத்தில் உண்டோ என்று நினைத்தேன்.

ஏனென்றால் அது உண்மையாக இருந்தது. விடியக் காட்டுக்குப் போகிற அண்ணன் இடையில் எட்டிப் பார்த்தாலும் பொழுதுபடத்தான் வீட்டுக்கு வருவார். வரும்போது கையில் குளத்து மீனோ முருங்கையிலையோ ஏதாவது இருக்கும். சோற்றைப் போட்டால், “எனக்கு வேண்டாம் பிள்ளை, அவாவுக்குக் குடு. நான் காட்டிலை வயிறு முட்டப் பாலைப்பழம் திண்டனான்” என்பார். இரண்டு நாள் நம்பினேன். மூன்றாம் நாள் வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்தேன். பாலைப்பழம் தின்ற உதடு ஒட்டிப் பளபளக்கும். அண்ணனின் உதடு காய்ந்து வெடித்துக் கிடந்தது. கண்டும் காணாதவள் போலச் சோற்றை மூடி வைத்தேன். பதினெட்டு வயதில் அதற்குமேல் எனக்கு என்ன செய்யத் தெரியும்? மச்சாளுக்குச் சோறு வேண்டும், பிள்ளைக்குப் பால் வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் என்று நினைக்கிறேன். துணி வெளுக்கக் கட்டாடி இல்லாத ஊர். துடக்குத் துணியை நானே தோய்த்து, ஆட்கள் காணாமல் காயப்போட இடம் தேடிப் பத்திக்குப் பின்னால் போனேன். பாம்பு கிடக்கும் என்று அண்ணன் அந்தப் பக்கம் போகவிடுவதில்லை. அங்கே, பத்து முழத்துக்கு அப்பால், உயரம் குறைந்து நன்றாகப் பருத்த ஒரு பாலை மரம் நின்றது. கூரை உயரத்தில் அதில் ஒரு பொந்து. பொந்தின் வாய் மண்ணால் பூசப்பட்டிருந்தது. சும்மா பூச்சில்லை, மேசன் பூசியது போல வழுவழுப்பாக. நடுவில் ஒரு நீட்டுக் கீறல். அந்தக் கீறலுக்குள் ஏதோ மஞ்சளாக அசைந்தது. உற்றுப் பார்த்தேன். ஒரு பறவையின் சொண்டு.

வன்னிக்குப் போகப் போகிறேன் என்றதும் எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்லி அனுப்பிய கதையெல்லாம் முன்னுக்கு வந்தது. அங்கத்தை ஆக்கள் செய்வினை செய்வினம், உயிரோடை வைச்சுப் பூசுவினம், வீட்டைப் பாக்க வைச்சுப் பூசினா அந்த வீட்டிலை பிள்ளை தங்காது. மரத்தைப் பார்த்தேன். பொந்து நேரே மச்சாளின் பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் பிள்ளை போனது, இந்தப் பிள்ளை பால் இல்லாமல் முனகுவது, எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மனிசருக்குப் புத்தி பிழைக்கிற நேரத்தில்தான் எல்லாம் தெளிவாக விளங்கினது போல இருக்கும்.

கூரை வேய வைத்திருந்த ஏணியைச் சாத்தினேன். காட்டுக்கத்தியின் பின்பக்கத்தால் அந்தப் பூச்சில் அடித்தேன். லேசில் உடையவில்லை, சீமெந்து மாதிரி. உள்ளே இருந்து ஒரு சீறல். நான் பிள்ளையாரை நினைத்து இன்னும் ஓங்கி அடித்தேன். ஒரு பெரிய பாளம் கழன்று விழுந்தது. அதோடு கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று என் முகத்தில் மோதிக்கொண்டு வெளியே பாய்ந்தது. பறந்து போய்விடும் என்றுதான் நினைத்தேன். அது கல் மாதிரி நிலத்தில் விழுந்தது.

இறங்கி ஓடினேன். அது செட்டையை அடிக்கிறது, எழும்பவில்லை. செட்டையில் இறகே இல்லை. முளைத்து வருகிற சின்னச் சின்னக் குச்சிகள் மட்டும். வாலும் இல்லை. மூக்குக்கு மேல் இன்னொரு மூக்கு வைத்தது போல ஒரு பெரிய சொண்டு, அதற்குப் பின்னால் செட்டையும் வாலும் உரித்த கோழி போல ஒரு உடம்பு. ஈரத் துணியைப் போட்டு அமத்தினேன். அந்த நேரம் பிடித்த பிடிதான் இந்த விரல்.

பிள்ளையைக் குளிப்பாட்ட வந்த வள்ளியக்கா அதைக் கண்டா. வள்ளியக்கா பக்கத்துப் பழைய கிராமத்து மருத்துவிச்சி, முப்பத்தைந்து வயதிருக்கும். கையும் வாயும் ஒரே வேகம்.

“ஐயோ! எடி, என்ன வேலையடி செய்தனி?”

“செய்வினை அக்கா! ஆரோ உயிரோடை வைச்சுப் பூசியிருக்கினம்!”

“உன்ரை செய்வினையும் நீயும்! இது இரட்டைச் சொண்டுக் குருவியடி. அவள் தானே உள்ளுக்கை போய், தானே கதவைப் பூசிப்போட்டு இருக்கிறாள். குஞ்சு பொரிச்சவள். அவளுக்குத் துடக்கு! துடக்கு வீட்டுக் கதவைப் போய் உடைச்சிருக்கிறியே, யாழ்ப்பாணத்திலை இதுதான் படிப்பிச்சு விட்டவையோ?”

“பறக்குதில்லை அக்கா. நான் செட்டையை முறிச்சுப் போட்டன்!” எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நீ முறிக்கேல்லை. உள்ளுக்கை போனதும் இறகு எல்லாத்தையும் கழட்டிப் போடுவாள். பிறகு புதிசாய் முளைச்சாத்தான் பறப்பு. அதுமட்டும் புருஷன்காரன் கொண்டந்து ஊட்டினாத்தான் அவளுக்கும் சீவன், குஞ்சுக்கும் சீவன். அழாதை, ஏறு, ஏறு.”

இரண்டு பேருமாக அதைத் திரும்பப் பொந்துக்குள் விட்டோம். உள்ளே அவளுடைய சொந்த இறகு மெத்தை போலக் கிடந்தது. அதன்மேல் இரண்டு குஞ்சு. தோல் மட்டும் போர்த்திய குஞ்சுகள். ஒன்று பெரிசு, மற்றது அதில் பாதி. நான் மண்ணைக் குழைத்துப் பூசப் போனேன். வள்ளியக்கா கையைத் தட்டிவிட்டா. “நீ பூசினா அவள் நம்பமாட்டாள். மண்ணைக் குழைச்சு விளிம்பிலை வைச்சிட்டு வா. வேணுமெண்டா அவளே பூசுவாள்.” வைத்தோம். மத்தியானத்துக்குள் உள்ளே இருந்து சொண்டால் தட்டித் தட்டிப் பூசத் தொடங்கினாள். ஒரு வீடு இடிந்த அன்றே அதைத் திரும்பக் கட்டத் தொடங்கின ஒருத்தியை நான் முதல் முதலில் கண்டது அப்போதுதான். பிறகு இந்த நாட்டில் எத்தனையோ பேரைக் கண்டுவிட்டேன்.

அவளின் புருஷன்காரன், அந்தச் சேவல், பின்னேரம் வந்தது. தொண்டை நிறையப் பழம். தூரக் கொப்பில் இருந்து, உடைந்த வாசலையும் கீழே கிடந்த ஏணியையும் பார்த்தது. ஒரு தரம் கரகரத்தது. பிறகு போய்விட்டது.

கஞ்சி கொண்டு உள்ளே போனேன். மச்சாள் கேட்டார். “அவர் வந்தவரோ?”

அப்போதுதான் என் மண்டையில் அடித்தது போல விளங்கியது. இத்தனை நாளும் மச்சாள் கேட்டது அண்ணனை இல்லை, அந்தச் சேவலை. சுவர் ஓட்டையின் துணியை இழுத்துவிட்டு, அந்த மரத்தைப் பார்த்தபடிதான் இத்தனை நாளும் கிடந்திருக்கிறார். நான் ஓம் ஓம் என்று சொன்ன பதிலெல்லாம் வேறு ஒருவருக்குரிய பதில். துணி அப்போது ஓட்டையில் சரியாக அடைத்திருந்தது. நான் உடைத்ததை மச்சாள் காணவில்லை என்று நினைத்து, “ஓம் மச்சாள், வந்து குடுத்திட்டுப் போட்டார்” என்று முதல் தடவையாக அறிந்து பொய் சொன்னேன்.

மச்சாள் கஞ்சியைத் தள்ளி வைத்தார். “பசிக்கேல்லை.”

அடுத்த நாளும் சேவல் வரவில்லை. மச்சாள் சாப்பிடவில்லை. பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் பால் இல்லாமல் வீரிட்டது. பிறகு வீரிடவும் இல்லை. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் ஏசவில்லை. “வாறார் எண்டே சொல்லு. பிறந்த நாள் தொட்டு அவாவுக்கு ஒரே யோசினை. அந்தக் குருவி குஞ்சோடை வெளியிலை வந்தா இந்தப் பிள்ளையும் தங்கும் எண்டு என்னட்டையும் சொன்னவா” என்றார். நான் ஏணியில் ஏறி, ஈர்க்கில் பாலைப்பழம் குத்திக் கீறலுக்குள் நீட்டினேன். அவள் அதை வாங்கி வெளியே எறிந்தாள். இன்னொன்று நீட்டினேன். அதையும் எறிந்தாள். கொடுத்தவர் கை தெரிந்துதான் வாங்குவாள் போல.

மூன்றாம் நாள் காலை மரத்தடியில் சின்னக் குஞ்சு கிடந்தது. செத்த குஞ்சைத் தாய் கீறலால் வெளியே தள்ளியிருந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கியது. முருங்கை மரத்தடியில் மண்ணைத் தோண்டித் தாட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய், மச்சாள் கேட்க முன்னமே “வந்தவர் மச்சாள்” என்றேன். மச்சாள் என் நகத்துக்குள் போகாமல் கிடந்த மண்ணைப் பார்த்தார்.

நாலாம் நாள் நான் குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறேன். பத்திக்குள் இருந்து குரல் கேட்டது. பிள்ளை பெற்ற பிறகு அப்படி உரத்த குரலை நான் கேட்டதில்லை.

“மச்சாள்! சோறு கிடக்கோ? கொஞ்சம் கொண்டு வாருமன்!”

சட்டியோடு ஓடினேன். ஓடும்போதே பின்னால் அந்தக் கரகரப்பு. சேவல் பொந்து வாசலில் தொற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்து எடுத்து உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தது. மச்சாள் உள்ளே சோற்றை அள்ளி அள்ளித் தின்றார். நான் இரண்டு இடத்தையும் பார்த்து அழுதுகொண்டு நின்றேன்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, தலையில் தண்ணீர் வார்த்து, மச்சாள் பிள்ளையோடு வெளியே வந்தார். நேரே பாலை மரத்தடிக்குத்தான் போனார். அண்ணாந்து பார்த்தபடி சொன்னார். “நீர் ஏணி வைச்ச நேரம் நான் ஓட்டையாலை பாத்துக்கொண்டுதான் இருந்தனான். கத்தினனான். சத்தம் வரேல்லை.”

“பிறகேன் மச்சாள் ஒவ்வொரு நாளும் என்னட்டைக் கேட்டனீங்கள்?”

“நீர் வந்தவர் எண்டு சொல்லேக்கை, ஒருவேளை நான் கண்ணயர்ந்த நேரம் வந்திருப்பாரோ எண்டு ஒரு ஆசை. அதுக்குத்தான்.”

மூன்றாம் மாதம், பாலைப்பழம் முடிகிற காலம், பூச்சை உடைத்துக்கொண்டு தாய் வெளியே வந்தாள். புது இறகு, எண்ணெய் பூசியது போல. பின்னால் ஒரே ஒரு குஞ்சு, பறக்கப் பயந்து பயந்து. மச்சாள் அப்போது தலை வாரிக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்ற உடம்புக்கு அந்த நேரந்தான் தலைமயிர் கொட்டும். சீப்பில் கற்றையாக வந்ததைக் காட்டி, “அவளுக்கு முளைச்சிட்டுது. எனக்கு இப்பத்தான் கழருது” என்று சிரித்தார்.

சேவல் அவர்களோடு இரண்டு நாள் திரிந்தது. மூன்றாம் நாள் அண்ணன் வெட்டிய காணிக்குள் அது செத்துக் கிடக்கக் கண்டு எடுத்து வந்தார். வால் தேய்ந்து, நெஞ்செலும்பு கத்தி போல நீட்டிக்கொண்டிருந்தது. “பிடிச்சுப் பார் பிள்ளை, பாரமே இல்லை” என்று அண்ணன் என் கையில் வைத்தார். வள்ளியக்கா பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் குடுத்திட்டான்” என்று மட்டும் சொன்னா. மச்சாள் அந்தக் குருவியைப் பார்க்கவில்லை. அண்ணனின் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று தொடக்கம் அண்ணன் சாப்பிட்டு முடியும்வரை மச்சாள் முன்னாலேயே இருப்பார். “போதும்” என்றால் விடமாட்டார். ஆனால் உடம்பு முதலே கொடுத்துவிட்டதைத் திரும்ப வாங்க முடியுமோ, தெரியவில்லை. பிள்ளைக்கு ஏழு வயதாக இருக்கும்போது, வாய்க்கால் வரம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்த அண்ணன் எழும்பவில்லை. பிள்ளை வளர்ந்து, படித்து, கடல் கடந்து போய்விட்டாள். அவளுக்காக உடைந்த வீடு எத்தனை என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. சண்டை முடிந்து அந்தக் காணியைத் தேடிப் போனபோது, வீடு நின்ற இடம் எது, மரம் நின்ற இடம் எது என்று எனக்கே பிடிபடவில்லை. எல்லாம் வெளி. பாலை ஒன்றும் இல்லை. இரட்டைச் சொண்டுக் குருவியின் கரகரப்புக் கேட்குமோ என்று கொஞ்ச நேரம் நின்றேன். மோட்டார் சைக்கிள்தான் கேட்டது. அந்தப் புகை அறையும் அந்தத் துடக்கும் திரும்ப வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில் பெற்று மூன்றாம் நாள் நடந்து வருகிற பிள்ளைகளைக் கண்டால் எனக்குச் சந்தோஷந்தான். புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அதுவும் நல்லது. ஆர் என்று குழம்பத் தேவையில்லை.

மச்சாள் போனது வவுனியா ஆஸ்பத்திரியில். கடைசி நாட்களில் ஆட்களைத் தெரியாது. என்னை மட்டும் கைப்பிடியில் தெரியும். இந்தத் தழும்பைத் தடவிப் பார்ப்பார். ஒரு காலை நான் கஞ்சியோடு போனபோது கண்ணைத் திறந்து, யன்னல் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“அவர் வந்தவரோ?”

எந்த அவர் என்று நான் கேட்கவில்லை.

“ஓம் மச்சாள். இப்பத்தான் வந்து குடுத்திட்டுப் போட்டார்.”

மச்சாள் வாயைத் திறந்தார். ஒரு கரண்டி கஞ்சி வைத்தேன். விழுங்கினார். காய்ந்து வெடித்திருந்த உதட்டை என் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.